மல்லித் தண்ணி மேகம்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, காற்றே கருவாட்டுக் கூடைக்குள்ளிருந்து கிளம்பி வருகிற புன்னைத்துறையில், ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கும் இன்னாசியின் பெண்டாட்டி அமலோற்பவம் தன் வீட்டு மொட்டைமாடியில் வடித்த தண்ணியில் ஒரு சொட்டை மணிக்கட்டில் தடவிக்கொள்ளாமல் யாரும் பூசைக்குப் போனதில்லை, பெண் பார்க்கப் போனதில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடக்கூடப் போனதில்லை. மொட்டைமாடியில் தண்ணி வடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுவிலக்குப் போலீசார் ஒருமுறை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள், ரோஜா இதழ் வெந்துகொண்டிருந்தது, ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வீட்டுக்காரிக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

மாடியில் அறுபது செடிப்பெட்டிகள் இருந்தன. எல்லாம் மீன் ஏலக்கூடத்தில் மூலை உடைந்து ஒதுக்கிய தெர்மாகோல் பெட்டிகள். அதில் தேரிக்காட்டுச் செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பி, உப்புக்காற்று இலையைக் கருக்காதபடி சுற்றிலும் கிழிந்த வலையை இரட்டை மடிப்பாகக் கட்டி, அதற்குள் தவனமும் மரிக்கொழுந்தும் பன்னீர் ரோஜாவும் மல்லியும் எலுமிச்சைப்புல்லும் வைத்து, ஊரில் ஒரு வேலிச்செடிகூட ஒழுங்காக முளைக்காத இடத்தில் அவள் ஒரு சோலையை நிறுத்தியிருந்தாள். தையில் தவனம், மாசியில் ரோஜா, பங்குனியில் பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் வேட்டி விரித்து உதிர்த்தெடுத்த பூ, சித்திரை வைகாசியில் மல்லி மல்லி என்று மல்லிதான், புரட்டாசியில் விடிகாலை உதிர்ந்த பவளமல்லி, மழை ஓய்ந்தால் மரிக்கொழுந்து, மார்கழியில் பெட்டியை உடைத்து வெட்டிவேர். ஆடியில் மட்டும் எதுவும் ஒழுங்காகப் பூக்காது. அந்த மாசம் அவள் துளசியையும் புல்லையும் போட்டு வடித்துக்கொண்டே காற்றைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் புதினா வெந்துகொண்டிருந்த சட்டியின் மூடியைத் தூக்கியபோது மூடியில் கோத்திருந்த துளி ஒன்று அவள் கையில் விழுந்தது. அவள் கையை மோந்து பார்த்தாள், அடுப்பை மறந்தாள், குழம்பைத் தீய விட்டாள். அதிலிருந்து ஆரம்பித்ததுதான். செம்புப் பானைக்கு நடுவில் ஒரு செங்கல், செங்கல் மேல் ஒரு கிண்ணம், சுற்றிலும் பூவும் தண்ணீரும், மேலே மூடியைக் கவிழ்த்துப் போட்டு, விளிம்பு முழுக்கக் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி, மூடியின் குழியில் ஐஸ் போடுவாள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, மூடியின் குமிழ் வழியே சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்கும். அந்தத் தண்ணியின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எண்ணெய் ஆடை படர்ந்தால், கோழி இறகால் ஒற்றி எடுத்து விரல்நீளச் சீசாவில் சேர்த்துவைப்பாள், அது அத்தர். ஐஸ் கொண்டுவருவது இன்னாசியின் வேலை. கம்பெனியில் உடைந்து விழுகிற துண்டுகளைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்து, வழியெல்லாம் ஒழுக ஒழுகக் கொண்டுவருவான்.

ஐஸ் தவிர இன்னாசிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊருக்குத் தெரிந்தவரை அதுதான் பெரிய வேலை. தண்ணி வடிந்ததும் அமலோற்பவம் பழைய கல்யாணக் கார்டிலிருந்து வெட்டிய ஒரு சீட்டை அதில் முக்கி, ஒருமுறை உதறி, தான் மோந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டுவாள். "எப்பிடி?" என்பாள். அவன் "நல்லாருக்கு" என்றால் பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதுவாள், "கனம் பத்தல" என்றால் மறுபடியும் பூவைப் போட்டு வடிப்பாள். அவன் சொன்னது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. இன்னாசிக்குத்தான் நல்ல மூக்கு, அமலோற்பவத்துக்குக் கை மட்டும்தான் என்று ஊரே சொல்லிற்று, அமலோற்பவமும் அதையே சொன்னாள்.

இன்னாசிக்கு மூக்கே கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் அமோனியாக் குழாய் ஒன்று வாய் பிளந்தபோது அவன்தான் பக்கத்தில் நின்றான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். கண் திரும்ப வந்தது, தொண்டை திரும்ப வந்தது, மூக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவனிடம் இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கிற நேரத்தில்தான் அமலோற்பவம் தன் முதல் புதினாத் தண்ணியை ஒரு காப்பி டம்ளரில் ஏந்திக்கொண்டு வந்து, கல்யாணத்தன்றுகூடப் பார்க்காத மாதிரி அவனைப் பார்த்து, "எப்பிடி?" என்றாள். அவளுடைய அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்த ஆம்பளையாலும் உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. "நல்லாருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் மாடியில் முதல் பெட்டியை வைத்தாள், அப்புறம் இரண்டாவது, அப்புறம் அறுபது, ஒவ்வொரு பெட்டிக்கும் அவனுக்கு வாய் அடைத்துக்கொண்டே போனது. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் தெரிவதைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினான்.

அந்த வைகாசியில் அவள் தங்கைக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வலி கண்டது. காலை பத்து மணி, பானையில் நாலு படி மல்லி ஏறியிருந்தது, தண்ணி சொட்ட ஆரம்பித்திருந்தது. "மல்லி வாசம் வந்துக்கிட்டே இருக்கும், பொறவு வேகவச்ச கீர வாசம் வரும். வந்த நிமிசமே அணைச்சிருங்க, இல்லன்னா தண்ணி கெட்டுரும்" என்று சொல்லிவிட்டு, தனக்கே சிரிப்பு வந்து, "ஒங்களுக்குப் போயி சொல்லுதேன் பாருங்க" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்னாசி பானை முன்னால் உட்கார்ந்தான். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. முன்னாலேயே அணைத்தால் தண்ணி பிஞ்சாகப் போய்விடும், பின்னால் அணைத்தால் கீரையாகிவிடும். பார்த்துப் பதில் சொல்ல அவள் முகமும் இல்லை. ஐஸ் உருக உருக வேறு ஐஸ் போட்டான். மூக்கைப் பானைக்கு ஒட்டவைத்து உறிஞ்சினான், சூடுதான் ஏறியது. அணைக்கப் பயந்து, அணைக்காமலிருக்கவும் பயந்து, சாப்பிடாமல் கொள்ளாமல் சாயங்காலம் நாலு மணி வரை அந்த மனுஷன் அடுப்பைக் காத்தான். நியாயப்படி பானை எப்போதோ வற்றித் தீய்ந்திருக்க வேண்டும். தீயவில்லை. நாலு மணிக்கு மாவு வெடித்தது, வெடிப்பு வழியாக வெள்ளையாக ஆவி வந்தது, வந்த ஆவி கலைந்து போகாமல் பானைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் கூடிக்கூடி நின்றது. ஒரு கன்றுக்குட்டி அளவு ஆனதும் பானையில் சத்தம் அடங்கிற்று, மாடியில் ஒரு மேகம் நின்றுகொண்டிருந்தது. இன்னாசி துண்டால் விசிறிப் பார்த்தான். அது கொஞ்சம் ஒதுங்கி, பிறகு பழைய இடத்துக்கே வந்தது.

அமலோற்பவம் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மல்லி வாசம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டிருந்தது. தங்கைக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நாலு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, படியேறி, மேகத்துக்கடியில் போய் நின்றாள். அவள் முடியில் பொடிப்பொடியாக ஈரம் கோத்தது. கண்ணை மூடினாள். கண்ணீர் கொட்டியது.

"எந்த வாசத்துல அணைச்சீய?" என்று கேட்டாள்.

"அணைக்கணும்னு தோணுன வாசத்துல" என்றான் இன்னாசி. வேறென்ன சொல்வான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிச்சுவர் ஓரமாகப் போய், கீழே கூடியிருந்த தெருவைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரவியதான் வடிச்சாவ. இத்தன வருசமும் நான் அவசரப்பட்டு அணைச்சிட்டே இருந்துருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னாள். இன்னாசி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

மறுநாளும் மேகம் அங்கேயேதான் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது, நாலாம் நாளிலிருந்து ஊர் அதை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் பக்கத்து வீட்டு ஜெபமாலை, இறால் ஷெட்டில் இறால் உரிக்கும் தன் மகளுடைய துணிகளைக் கொண்டுவந்து அதற்கடியில் கொடி கட்டிக் காயப்போட்டாள். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, மேகம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து, நீட்டவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச்சாமியார் மாடியேறி வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். இது விசுவாசத்துக்கு விரோதமில்லை, கொடியேற்றத்தன்று மைக் குழாயை மறைக்காமல் இருந்தால் போதும் என்றார். சவேரியார் தெருவில் ஒரு கல்யாணம் வந்தபோதுதான் மேகத்தை நடத்திக்கொண்டு போகும் வழியும் தெரிந்தது. பானை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால், பின்னாலேயே அதுவும் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கடியில் ஐந்து நிமிஷம் நின்றார்கள். அதன்பிறகு அப்படி நிற்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் பெருநாள் காலைக்குச் சொல்லிவைத்தார்கள். ஒரு சாவு வீட்டுக்குக் கூட்டிப்போனபோது மட்டும் அது வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போகிறவரை வெளியே பந்தலோரமாக நின்றது, அதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

ஏலக்கூடத்தில்தான் தகராறு வந்தது. ஏலம் கூறும் கஸ்பார் ஆசைப்பட்டு அழைத்துப்போனான். மேகம் போய் நின்றதும் பழைய மீனும் புது மீனும் ஒரே வாசம் அடிக்க, வெளியூர் வியாபாரிகள் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்க எதை நம்பி விலை கேக்குறது?" என்று கூடையை உதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பகல் ஒரு மணிக்கு முன்னால் மேகம் ஏலக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது என்று அன்றைக்கே போர்டு எழுதி மாட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. மூடுபனி கவிந்த விடிகாலைகளில் கரை தெரியாமல் தவித்தவர்கள் மல்லி வாசம் வந்த பக்கம் படகின் அணியத்தைத் திருப்பிக் கரை சேர்ந்தார்கள். சேர்ந்ததும் நேரே இன்னாசி வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு மீனை வாசலில் வைத்து, "அண்ணே, ஒங்க மூக்குதான் எங்களக் கர சேத்தது" என்று கும்பிட்டார்கள். இன்னாசி அந்த மீனை வாங்காமல் இருக்கவும் முடியாமல், வாங்கவும் கூசி, கதவுக்குப் பின்னால் நின்றான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அமலோற்பவம் ஒவ்வொரு மாசமும் வடிக்க உட்காரும்போது மேகம் தாழ இறங்கிவந்து மாவு விளிம்பில் கசிகிற முதல் ஆவியைக் குடித்தது. துளசிக்கு அது கருத்தது, எலுமிச்சைப்புல்லுக்கு மெலிந்து நீண்டது, ஆடிக்காற்று தகரத்தைப் பறக்கவிட்டபோதும் அசையாமல் நின்றது, பவளமல்லி வெந்த அன்று ஓரமெல்லாம் காவிச்சிவப்பாக மாறிற்று. பதினோரு வருஷமாக அவள் எதையெதையெல்லாம் வடித்திருப்பாள் என்று அவனுக்கு அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது. இத்தனையும் இந்தப் பெண்பிள்ளை தானாகவே கண்டுபிடித்தாளே, ஒரு புத்தகம் இல்லாமல், ஒரு வாத்தியார் இல்லாமல், உடைந்த மீன்பெட்டியில், என்று நினைத்து நினைத்து அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அதை அவளிடம் சொல்லப் போனால் அந்தப் பொய்யும் சேர்ந்தே வந்துவிடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு ஐஸ் உடைப்பான்.

கார்த்திகையில் ஐஸ் கம்பெனி முதலாளி டெரன்ஸ் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனிக் குழாய்கள் பழசாகிவிட்டன, அங்கே வேலை பார்க்கிற எல்லோருடைய மூக்கும் அமோனியாவுக்குப் பழகி மரத்துப்போய்விட்டது, கசிவு பெரிதாகிக் கண் எரிகிறபோதுதான் தெரிகிறது. மோந்தே கண்டுபிடிக்கிற ஒரு ஆளை மிஷின் ரூம் வாசலில் பகல் முழுக்க உட்காரவைக்க வேண்டும் என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போயிருந்தார். "ஊர்ல ஒரே மூக்கு ஒன்னுதுதான். கட்டி தூக்கித் தூக்கி முதுகு போனது போதும்லே. மெத்த வச்ச நாற்காலி போடுதேன், திங்கக்கெழமையிலருந்து உக்காரு" என்றார். ஐஸ் கட்டி தூக்குகிறவர்கள் விசில் அடித்தார்கள். ஜெபமாலையின் மகள் இறால் கையோடு ஓடிவந்து, "மாமா, இனி எங்களுக்குப் பயமில்ல" என்றாள். அவள் வேலை செய்த ஷெட் மிஷின் ரூமுக்குப் பின்சுவர் ஒட்டியே இருந்தது. அதில் எண்பது பெண்கள் இறால் உரித்தார்கள்.

அந்த எண்பது பேரை நினைத்ததும் இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டியிடம் சொன்ன பொய் வீட்டோடு போயிற்று. இது எண்பது வீட்டு வாசலில் போய் நிற்கும். அவன் நேரே முதலாளியிடம் போய், "எனக்கு வாசம் தெரியாது முதலாளி" என்றான். "சம்பளம் கூட வேணும்னா வாயத் தொறந்து கேளு" என்றார் அவர். பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னான். அவர் அவன் தலையில் கை வைத்து, "இவ்வளவு தாழ்ச்சி ஆகாது இன்னாசி, கடவுள் குடுத்தத ஒளிச்சுவைக்கக் கூடாது" என்றார். கஸ்பாரிடம் சொன்னான். கஸ்பார் மாடியில் நிற்கிற மேகத்தைக் கையைக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. மேகத்தைக் கண்ணால் கண்ட ஊர் அது. மிச்சம் இருந்தது அமலோற்பவம் ஒருத்தி, கடைசி ஆளாக அவளை விட்டு வைத்திருந்ததே அவள் நம்பிவிடுவாள் என்பதால்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, அவள் மாடியில் மரிக்கொழுந்துத் தண்ணி இறக்கினாள். சீட்டை முக்கி, உதறி, மோந்து, நீட்டினாள். "எப்பிடி?"

இன்னாசி சீட்டை வாங்கவில்லை. "அமலு, எனக்கு வாசம் தெரியாது" என்றான்.

"சளி புடிச்சிருக்கா?"

"பதினோரு வருசமா."

அவள் கையிலிருந்த சீட்டு அப்படியே நின்றது. அவன் குழாய் வெடித்ததையும், ஆஸ்பத்திரியையும், காப்பி டம்ளரையும், மல்லியை ஏன் நாலு மணி வரை விட்டான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"மாசியில இந்த ரோசாத் தண்ணிய, கனம் பத்தல, இன்னொரு வாட்டி வடின்னு சொன்னீயளே. வாசம் தெரியாமலா சொன்னீய?"

"அன்னிக்கு நீ சீட்ட வெடுக்குனு நீட்டுன. நல்லா வந்துருந்தா, மோந்ததும் ஒரு தடவ கண்ண மூடித் தொறப்ப, பொறவு மெள்ள நீட்டுவ. எல்லாத்தையும் ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்."

"அப்ப நான் நெனச்சதத்தான் எங்கிட்டயே திருப்பிச் சொல்லிருக்கீய."

"ஆமா."

அவள் பாட்டிலைச் சுவரில் அடித்தாள். மேகம் மாடியின் அந்தக் கோடிக்கு ஒதுங்கிப் போயிற்று. "என்ன ஏமாத்திட்டீய" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் பொறுக்க அழுகை பொங்கி வந்து, "அப்ப நான் வடிச்சதுல ஒரு சொட்டக்கூட நீங்க மோந்தது இல்ல" என்றாள். அவள் அழுதது பொய்க்காக இல்லை, இதற்காகத்தான் என்று தெரிந்ததும் இன்னாசிக்கும் அழுகை வந்துவிட்டது. அவன் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடியைப் பொறுக்கினான்.

"நீ மோந்து பாக்கும்போதெல்லாம் ஒன்னப் பாத்துட்டு இருந்தேன் அமலு. அதுலயே எனக்கு நெறஞ்சுபோச்சு" என்றான்.

அவள் அன்று முழுக்கப் பேசவில்லை. சோறு போட்டாள், மீனைத் தட்டில் வைக்காமல் சட்டியோடு தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கே என்று கேட்க இன்னாசிக்குத் தைரியமில்லை, பின்னாலேயே போனான். ஐஸ் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு, மாலைகூட வாங்கி வைத்திருந்தார்கள். டெரன்ஸ் முதலாளி, கஸ்பார், குழாய் பழுது பார்க்கும் பிட்டர் ராயப்பன், வேலைக்கு வந்த இறால் ஷெட் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அமலோற்பவம் மூச்சிரைக்க நடுவில் வந்து நின்றாள்.

"இவியளுக்கு மூக்கு கெடயாது. பதினோரு வருசத்துக்கு முந்தி இந்தக் கம்பெனிதான் தின்னுச்சு" என்றாள். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. "சிரிக்காதிய. தண்ணியெல்லாம் வடிச்சது நான், சரியா வந்துச்சா இல்லியான்னு கண்டுபுடிச்சதும் நான். எனக்கே நேத்துத்தான் தெரியும். மூக்கு என்னுது. நாற்காலியில நான்தான் உக்காருவேன்."

"புருசனுக்குப் பதிலா பொண்டாட்டியா?" என்று டெரன்ஸ் முதலாளி கஸ்பாரைப் பார்த்துச் சிரித்தார். "நீ போயி பூவ வேகவையி தாயி."

அமலோற்பவம் வாயைத் திறந்தவள், சொல்ல வந்ததைச் சொல்லாமல், மிஷின் ரூம் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். அங்கிருந்து ஐஸின் குளிரும் எண்ணெய்ப் பிசுக்கும் பின்சுவருக்கப்பால் இறாலும் கலந்து வந்துகொண்டிருந்தன. வெளியில் நூறு பேர் நின்றார்கள், ஒருவருக்கும் வேறெதுவும் தெரியவில்லை. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அதைப் பார்த்த மாத்திரத்தில் இன்னாசிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன் ஜெபமாலையின் மகளுடைய கையைப் பிடித்துத் தெருப்பக்கமாக இழுத்தான்.

"சுவத்தோரமா கொழாயில மூணு மூட்டு இருக்கா?" என்று கேட்டாள் அமலோற்பவம். "அதுல கடைசி மூட்டு. ஊசி மாதிரி ஒண்ணு வருது. இப்பத்தான் ஆரம்பிக்கி."

ராயப்பன் முதலாளியைப் பார்த்தான். பிறகு கந்தகத் திரி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனான். அமோனியா எங்கே கசிந்தாலும் அந்தத் திரியின் பக்கத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். எல்லோரும் வாசலில் நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். முதல் மூட்டில் திரியைக் காட்டினான், ஒன்றுமில்லை. இரண்டாவதில் காட்டினான், ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். மூன்றாவதில் திரியைக் கொண்டுபோகிற முன்னாலேயே வெள்ளையாகப் புகை எழுந்து சுவரை மறைத்தது. ராயப்பன் கத்திக்கொண்டே வால்வைத் திருகப் பாய்ந்தான். பெண்களெல்லாம் இறால் கூடையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மூட்டைக் கழற்றிப் பார்த்த ராயப்பன், சாயங்காலம் வரை விட்டிருந்தால் வாய் பிளந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். டெரன்ஸ் முதலாளி மாலையை எடுத்துக்கொண்டு வந்து, யாருக்குப் போடுவது என்று ஒரு நிமிஷம் திணறி, அமலோற்பவத்தின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி மோந்து பார்த்து, "நேத்துப் பறிச்ச பூ" என்று சொல்லி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

இன்னாசியை முதுகு வலிக்கென்று கட்டி தூக்குவதிலிருந்து விட்டுவிட்டார்கள். இப்போது மாடியும் பெட்டிகளும் அவன் பொறுப்பு. மார்கழியில் வெட்டிவேர்ப் பெட்டிகளை அவனே உடைத்தான், வேரை ஏழு தண்ணீரில் அலசினான், மாவு பிசைந்து விளிம்பில் அப்பினான். மேகம் வழக்கம்போல் தாழ இறங்கி வந்து நின்றது. எல்லாம் சரிதான், எப்போது அணைப்பது என்பதுதான் பழைய தலைவலி. காலையில் அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பும்போது கேட்டான். அவள் அவனிடம் இன்னும் முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. "நான் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எப்படிச் சொல்வாள், கம்பெனி ரெண்டு தெரு தள்ளியல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவன் அடுப்பைப் பற்றவைத்தான்.

பதினொன்றே முக்காலுக்கு ஐஸ் கம்பெனிச் சங்கு ஊதியது. நீளமாக ஊதினால் கசிவு, எல்லோரும் ஓட வேண்டும். அன்று ஊதியது நீளமாக இல்லை. சின்னதாக ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். ஏலக்கூடத்தில் கஸ்பார் விலையைப் பாதியில் விட்டான். இறால் ஷெட்டில் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், அங்கே அமலோற்பவம் வீட்டுப் பக்கமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, சங்குக் கயிற்றைப் பிடித்தவனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் இன்னாசி ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் நின்றான். புரிந்ததும் பாய்ந்து அடுப்பை அணைத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண் நிறைந்து வழிந்தது, துடைக்க அவனுக்கு மனசில்லை.

கீழே தெருவில் ஜெபமாலை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு போனாள். "ஒண்ணுமில்லட்டி, இன்னாசியண்ணன் வீட்ல வேர் வெந்துட்டாம், அமலக்கா அணைக்கச் சொல்லுதாவ."